திண்ணையில் செய்யத்தக்க சில விதைப் பரீக்ஷைகள்

நமது பத்திரிகையை வழக்கமாக வாசித்து வரும் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இம்மாதக் கட்டுரையின் தலைப்பைக் கண்டு சற்றே வியப்படையலாம். உரம், பூச்சி, பாசனம் முதலிய விஷயங்களை விட்டுவிட்டுச் சிறு பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று கேட்கவும் கூடும். முட்டையை உப்பு நீரில் மிதக்க விடுவதும், ஈரத் துணியில் கொட்டையை முளைக்க வைப்பதும், பாட்டிலில் மண்ணைக் கலக்கி அடியில் படிவதைப் பார்ப்பதும் பள்ளிக்கூடத்துச் சிறுவர் சிறுமியர் விடுமுறை நாளில் செய்யும் வேடிக்கைகள்தாம். ஆனால் இவ்வேடிக்கைகளில் ஒவ்வொன்றும் ஒரு வயலின் லாப நஷ்டத்தோடு சம்பந்தப்பட்டது. இதை நான் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியவில்லை. தெரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009-ம் வருஷம் ஆனி மாதக் கடைசியில், மானாவாரியாக மணிலாக்கொட்டை சாகுபடியாகும் ஒரு கிராமத்தில், எனக்குப் பழக்கமான ஒரு விவசாயியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆடிப் பட்டத்தில் இரண்டு ஏக்கருக்கு விதைக்கவென்று 100 கிலோ பருப்பு வாங்கி மூட்டையாக உள்ளே அடுக்கியிருந்தார். அதற்காக வீட்டு அம்மாளின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. பருப்பை என்னிடம் காட்டினார். நிறம் நன்றாயிருந்தது, பொக்கும் சுருக்கமும் அதிகமில்லை. “விதைக்கலாம்” என்று சொன்னேன். அச்சமயம், ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பெண், ஒரு நனைந்த கோணித் துண்டைச் சுருட்டியபடியே கொண்டுவந்து எங்கள் முன் விரித்தாள். பள்ளியில் ஆசிரியர் சொல்லியிருந்தபடி அந்த மூட்டையிலிருந்தே நூறு பருப்பு எடுத்து, பத்து நாள் ஈரத்தில் வைத்திருந்தாளாம்.

“நாற்பத்திரண்டுதான் அப்பா முளைத்திருக்கிறது. மற்றதெல்லாம் பூசணம்” என்றாள்.

“விளையாட வேறு கொட்டை கிடைக்கவில்லையா உனக்கு? துணியில் வைத்தால் அழுகத்தான் செய்யும். மண்ணில் போட்டால் தானே வரும், பாப்பா” என்றார் அவர். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

விதைத்தார்கள். மழையும் குறைவில்லாமல் பெய்தது. பன்னிரண்டாம் நாள் வயலில் நின்று பார்த்தபோது, வரிசைக்கு வரிசை பாதிக்கு மேல் வெறும் மண்ணாகவே கிடந்தது. சந்து நிரப்புவதற்கு விதையும் இல்லை, காலமும் இல்லை. ஒரு மீட்டர் சால் எடுத்து எண்ணினேன், அடுத்த சாலிலும் எண்ணினேன். கணக்கு அந்தப் பெண் சொன்னதற்கு மேல் போகவில்லை. அவ்வருஷ மகசூல் கூலிக்கும் வட்டிக்குமே பற்றாமற் போயிற்று. டிப்ளமாப் படிப்பில் நானூறு நானூறாக விதை வைத்து முளைப்பு எண்ணிப் பழகினவன் நான். செய்து காட்டுவதே எனக்கு இட்ட உத்தியோகம். அன்று எண்ணியவள் அச்சிறு பெண். கண்ணால் பார்த்துவிட்டு நிறம் நன்றாயிருக்கிறது என்று சொன்னவன் நான். அப்பருப்பு கோடையிலேயே தோலுரிக்கப்பட்டு, சூடான கொட்டகையில் மூன்று மாதம் மூட்டையில் கிடந்தது என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். மணிலாப் பருப்பு ஓடு நீங்கியபின் விரைவில் உயிர்ச்சக்தியை இழந்துவிடும். வெளித் தோற்றத்தில் அது தெரிவதில்லை. ஆதலால்தான் விதைக்கென ஒதுக்குவதைக் காயாகவே வைத்திருந்து, விதைப்புக்குச் சற்று முன் உடைப்பது நலம்.

ஆகவே ஈரத் துணிப் பரீக்ஷையை முதலாவதாகவும் விரிவாகவும் சொல்லுகிறேன். வீட்டிலுள்ள குழந்தைகளை அழைத்து வைத்துக்கொண்டு செய்யவும். விதைக்கும் நாளுக்கு மூன்று வாரம் முந்தியே தொடங்க வேண்டும். அப்போதுதான் தவறினால் வேறு விதை தேட அவகாசம் இருக்கும். மூட்டையின் வாயிலிருந்து மட்டும் ஒரு பிடி எடுத்துவிடலாகாது. மேல், நடு, அடி என மூன்று இடத்திலும், பல மூட்டையானால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒன்றாகக் கலந்து, நல்லதென்றும் கெட்டதென்றும் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவதுபோல் நூறு எண்ண வேண்டும். குழந்தைகள் இதில் நம்மைவிட நேர்மையானவர்கள். பெரியவர்களின் விரல் தானாகவே பருத்த மணியைத் தேடிப் போகிறது.

கோணித் துண்டு அல்லது பழைய பருத்தித் துணியைக் கொதிநீரில் முக்கி எடுத்து ஆறவிட்டால் பூசணம் குறையும். அதைப் பிழிந்து விரித்து, வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை வைத்து, மேலே இன்னொரு துணி மூடி, பாய் சுருட்டுவதுபோல் தளர்வாகச் சுருட்டி நூலால் கட்டி, நிழலில் சாய்த்து வைக்கவும். காலை மாலை தண்ணீர் தெளித்தால் போதும். ஊறிச் சொட்டும்படி நனைத்து வைப்பது கூடாது. ஏனென்று பின்னால் சொல்லுகிறேன். நெல்லுக்கு ஐந்தாம் நாளும் பதினான்காம் நாளும், மணிலாவுக்கு ஐந்தாம் நாளும் பத்தாம் நாளும், உளுந்துக்கு நான்காம் நாளும் ஏழாம் நாளும் எண்ணுவது முறை. வெறுமனே வாய் பிளந்ததையெல்லாம் முளைத்ததாகக் கணக்கிடலாகாது. வேரும் குருத்தும் இரண்டும் பழுதின்றி வளர்ந்தவற்றையே எண்ண வேண்டும். முனை கருகியது, ஒடிந்தது, கண்ணாடிபோல் வெளிறி நீர் கோத்தது ஆகிய இவை மண்ணைக் கிழித்து மேலே வரமாட்டா.

நம் நாட்டு விதைச் சான்றிதழ் விதிப்படி நெல் நூற்றுக்கு 80, மணிலா 70, உளுந்து பயறுகள் 75, சோளம் 75, மக்காச்சோளம் 90 என்னும் அளவுக்குக் குறையாமல் முளைக்க வேண்டும். இதைவிடச் சிறிது குறைந்தால் விதையளவைக் கூட்டிச் சரிக்கட்டலாம். உதாரணமாக, ஏக்கருக்கு 50 கிலோ மணிலாப் பருப்பு என்பது 70 முளைக்கும் என்று வைத்துக்கொண்ட கணக்கு. 60 தான் முளைத்தது என்றால் 50-ஐ 70-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, ஏறக்குறைய 58 கிலோ வேண்டும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் பெருக்கலுக்குப் பயப்படாமல் போட்டுவிடும், ஏனெனில் இது தன் வீட்டுக் கணக்கு. பாதிக்கும் கீழே போனால் விதையைக் கூட்டுவது வீண். செக்குக்கு அனுப்பிவிட்டு வேறு விதை பார்ப்பதே சரி. இன்னொன்று. ஒரே விதையில் இரண்டு தடவை வைத்து, ஒரு தடவை 78-ம் மறு தடவை 83-ம் வந்தால் பரீக்ஷை பொய் என்று தள்ளிவிடக் கூடாது. நூறு விதையில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இயல்பு. அதனால்தான் பரிசோதனை நிலையங்களில் நானூறு வைக்கிறார்கள். அறுவடையான கையோடு சில நெல் ரகங்களை வைத்தால் முளைக்காமலே இருக்கும்; அவை செத்தவை அல்ல, சில வாரம் உறங்கிக் கிடப்பவை. பயறு வகையில் கல்லாய்க் கிடக்கும் ஒன்றிரண்டும் அப்படியே.

விதையை நூறு நூறாக எண்ணி முளைப்புப் பார்க்கும் இவ்வழக்கத்துக்கென்று தனி நிலையம் முதன்முதலில் 1869-ம் வருஷம் ஜெர்மனியைச் சேர்ந்த சாக்ஸனியில் தாரண்ட் என்னும் ஊரில் ஏற்பட்டது. ஏற்படுத்தியவர் பிரீட்ரிக் நோபே. அக்காலத்தில் அங்கே விற்ற விதைகளில் செத்த விதையும் களை விதையும் மலிந்து கிடந்தன என்பதை அவர் எண்ணிக் காட்டிய பிறகே மற்ற தேசங்களும் விழித்துக்கொண்டன. நம் நாட்டில் விதைச் சட்டம் 1966-ல் வந்தது.

குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் ஒரு செய்தியை இங்கே சேர்க்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் வில்லியம் பீல் என்ற ஆசிரியர் 1879-ம் வருஷம், இருபதுக்கு மேற்பட்ட செடி வகைகளின் விதைகளை வகைக்கு ஐம்பதாக மணலோடு கலந்து, இருபது கண்ணாடிப் புட்டிகளில் போட்டு நிலத்தில் புதைத்து வைத்தார். களை விதை எத்தனை வருஷம் மண்ணில் உயிரோடிருக்கும் என்று அறிவதே நோக்கம். அவர் காலத்துக்குப் பின்னும் அங்குள்ளவர்கள் குறித்த கெடுவுக்கு ஒரு புட்டியாகத் தோண்டி வருகிறார்கள். வெளிச்சம் பட்டு விதை விழித்துவிடக் கூடாதென்று இரவில்தான் தோண்டுவது. 2021-ல் எடுத்த புட்டியிலிருந்தும், அதாவது 142 வருஷம் கழித்தும், ஒரு களைச் செடியின் விதைகள் முளைத்தன. களை விதைக்கு இத்தனை ஆயுள். நாம் காசு கொடுத்து வாங்கும் மணிலாவுக்கு ஒரு கோடையைத் தாண்ட முடியவில்லை. களையைப் பூக்குமுன் பறியுங்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லுவதன் காரணத்தைப் பிள்ளைகள் இக்கதையிலிருந்து எளிதில் பிடித்துக்கொள்ளுகிறார்கள்.

இனி முட்டை. ஒரு பாத்திரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றிப் புதிய கோழி முட்டையை இட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதில் கல்லுப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை அசையும், எழும்பும், பின் மேலே வந்து ஒரு சிறு நாணயத்தின் அளவுக்குத் தலையை நீட்டும். குழந்தைகள் கைதட்டும் இடம் இதுதான். விவசாயி காத்திருக்க வேண்டிய இடமும் இதுதான். உப்பு கரையக் கரைய நீர் அடர்த்தியாகிறது. தன் அளவுள்ள நீரைவிட முட்டை இலேசாகிவிடும் தருணத்தில் அது மிதக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். முட்டை புழங்காத வீடுகளில் இந்த நிறையையே அளவாகக் கொள்ளலாம். உருளைக்கிழங்கும் ஏறக்குறைய இப்படியே மிதக்குமென்றாலும் கிழங்குக்குக் கிழங்கு கனம் வேறுபடுவதால் அதை நான் நம்புவதில்லை. முட்டையும் அன்றிட்டதாக இருக்க வேண்டும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளீரம் ஆவியாகிக் காற்றறை பெருத்துவிடும். அத்தகைய பழைய முட்டை உப்பு குறைவாயிருக்கும்போதே மிதந்து நம்மை ஏமாற்றும்.

இப்போது முட்டையை எடுத்துச் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு, அந்த நீரில் விதை நெல்லைக் கொட்டிக் கலக்கவும். பதரும் அரைமணியும் மிதக்கும், முற்றிய மணி அமிழும். மிதப்பதை வலைக் கரண்டியால் அரித்துவிட்டு, அமிழ்ந்ததைத் தாமதமின்றி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்புக் கெடும். ஒரே கரைசலில் பல தடவை நெல் இடலாம். ஆனால் இடையிடையே முட்டையை விட்டுப் பார்த்து, தலை நீட்டவில்லையானால் உப்புச் சேர்த்துக்கொள்ளவும். ஜப்பானில் யோகோய் தோகியோஷி என்னும் விவசாய ஆசிரியர் 1880-களில் இந்த உப்பு நீர்த் தேர்வை ஒழுங்குபடுத்திப் பரப்பினார். அங்கே நெல் விவசாயத்தின் விருத்திக்கு உதவிய சீர்திருத்தங்களில் இதுவும் ஒன்று. கனத்த மணி ஏன் நல்லது என்று ஒரு சிறுவன் என்னைக் கேட்டான். வேர் மண்ணைப் பற்றி இலை வெயிலைப் பற்றும் வரையில் நாற்றுக்கு வேறு ஆகாரமில்லை, தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறுதான் அந்த மணி என்று சொன்னேன். “அப்படியானால் பதர் வெறும் பாத்திரமா?” என்றான். அதைவிட நன்றாக எனக்கும் சொல்லத் தெரியாது.

நிற்க, துணியைச் சொட்டச் சொட்ட நனைக்கலாகாது என்றேனே, அதன் காரணம் விதையும் நம்மைப் போலவே சுவாசிக்கிறது என்பதுதான். இதைக் குழந்தைகளுக்குக் காட்ட இரண்டு கண்ணாடிச் சீசாக்கள் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஓரிரவு வைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும். அதைப் பெரியவர்களே இறுத்து, இரண்டு சிறு கிண்ணங்களில் ஊற்றவும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சீசாவில் முளைகட்டிய பச்சைப் பயற்றின் நடுவே ஒரு கிண்ணத்தையும், வெறும் சீசாவில் மற்றொன்றையும் வைத்து இறுக மூடிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், பயறு இருந்த சீசாவில் சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுத்து ஏடு கட்டியிருக்கும். மற்றதில் அப்படி இராது. முளை வெளிவிட்ட கரியமில வாயுவின் வேலை அது. அந்தச் சீசாவில் எரியும் திரியை இறக்கினால் பொசுக்கென்று அணைந்துவிடும்.

இதையொட்டி நெல்லில் ஒரு பரீக்ஷை உண்டு; நாற்றங்கால் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊறிய நெல்லில் பத்து மணியை ஈரத் துணியிலும், வேறு பத்து மணியை, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் நிறைந்த உயரமான கண்ணாடித் தம்ளரின் அடியிலும் இட்டு வைக்கவும். துணியில் கிடந்தவை வேரும் குருத்துமாகச் செழிக்கும். தண்ணீரின் அடியில் கிடந்தவையோ வெளிறிய குருத்தை மட்டும் நூல்போல் மேல்நோக்கி நீட்டும். வேரைக் காண்பது அரிது. பிராணவாயு போதாத இடத்தில் நெல் செய்கிற காரியம் இது. தேக்கி நிறுத்திய நாற்றங்காலில் விதைத்த நெல் மிதந்து ஒதுங்குவதும், நாற்று மண்ணைப் பற்றாமல் சாய்வதும் இதனால்தான். முளைகட்டிய விதையைத் தெளித்தபின் தண்ணீரை வடித்துவிடச் சொல்லும்போது, “வெயிலில் காய்ந்து போகுமே” என்று எதிர்த்துப் பேசாத ஊர் கிடையாது. தம்ளரைக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு குறைந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். விதை நெல்லைச் சாக்கில் கட்டி முளைகட்ட வைத்திருக்கும்போது உள்ளே கைவிட்டால் சூடு தெரியும். சுவாசத்தின் சூடுதான் அது. சூடு மிஞ்சினால் முளை வெந்துவிடும். அப்போது அவிழ்த்துக் கிளறித் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மணிலா, உளுந்து, தட்டைப்பயறு முதலியவை விதைத்து நாற்பது நாளானபின், பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் சென்று ஒரு செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து வாளித் தண்ணீரில் மெதுவாக அலசச் சொல்லுங்கள். வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள் தொங்கும். நகத்தால் ஒன்றைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்கும். நம் இரத்தத்தில் சிவப்பைத் தரும் பொருளுக்கு நெருங்கிய உறவுடைய பொருள் ஒன்றே அங்கும் நிறம் தருகிறது. சிவந்த முடிச்சு வேலை செய்கிற முடிச்சு; காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும் நுண்ணுயிர்கள் அதனுள் வசிக்கின்றன. இந்த உண்மையை ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் 1886-ல் வெளியிட்டனர். உள்ளே வெளுத்தோ பசுமையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் அம்முடிச்சு இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது முடித்துவிட்டது. முடிச்சே மிகக் குறைவானால் அடுத்த தடவை ரைசோபியம் கலந்து விதைக்க வேண்டிய நிலம் என்று குறித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேர் முண்டு முண்டாகும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால் விரலால் தள்ளினால் உதிரும். புழுவின் முண்டு வேரே வீங்கியது, உதிராது. பத்து வயதுப் பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளுவார்கள்.

மண்ணைப் பாட்டிலில் கலக்கிப் பார்ப்பதைப் பலரும் அறிவர். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே நீர். நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் ஓரிரு நிமிஷத்தில் இறங்கிவிடும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாய் நிற்கும். படிந்த அடுக்குகளை அடிக்கோலால் அளந்தால் நிலத்தின் தன்மை ஒருவாறு விளங்கும். பூச்சி மருந்து இருந்த பாட்டிலை இதற்கு எடுக்கவே கூடாது. அவ்வாறே, மருந்து கலந்து சாயமேற்றி விற்கும் விதையைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது. அதைப் பரீக்ஷிப்பதானால் பெரியவர்களே கையுறை அணிந்து வைத்து, எண்ணுவதை மட்டும் பிள்ளைகளிடம் தள்ளி நின்று செய்யச் சொல்லலாம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சியாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆடிப் பட்டத்துக்கு மூன்று வாரம் முன்பாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு விதையில் நூறு கொண்டுவந்து பள்ளிக்கூடத்திலேயே துணியில் வைக்கும்படி தலைமையாசிரியரோடு பேசி ஏற்பாடு செய்யலாம். இன்ன வீட்டு விதை இவ்வளவு என்று பெயர் போட்டுச் சுவரில் எழுதுவது வேண்டாம். அது மனஸ்தாபத்துக்கு இடம் தரும். எண்ணிக்கையை ஒரு சீட்டில் எழுதிப் பிள்ளையிடமே கொடுத்தனுப்பினால் போதும். விலைக்கு வாங்கிய விதை மோசமென்று தோன்றினால் விதைப்பதற்கு முன்பே மூட்டையின் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, மாதிரி எடுத்து அரசாங்க விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையின் கணக்கு நமக்கு எச்சரிக்கை. சட்டப்படி செல்லுபடியாவது நிலையத்தின் அறிக்கையே.

நான் சொன்ன அவ்விவசாயி மறு வருஷம் விதை வாங்குமுன் ஒரு படி மாதிரி மட்டும் வாங்கிவந்து, “எண்ணு அம்மா” என்று பெண்ணிடம் கொடுத்தார். எண்பத்தொன்று முளைத்தது. அந்த மூட்டைகளைத்தான் வாங்கினார்.

உப்பு நீரில் அரித்த பதரைக் கோழிக்கோ மாட்டுக்கோ வைப்பதானால், உப்பு நீங்க நன்றாக அலசிக் காயவைத்தே வைக்கவும். மிஞ்சிய உப்பு நீரை வயலிலோ தென்னை அடியிலோ கொட்டாமல், பயிர் இல்லாத இடமாகப் பார்த்து ஊற்றிவிடவும்.